ஒரு கேமராவின் மூலபாடம்

கேமரா, முகவரி 10:
பொருந்துவது "சோனி, ஐஎம்எக்ஸ்219";
கடிகாரம்: கேமராக் கடிகாரம்;
மின்வழி மூன்று: 2.8 வோல்ட், 1.8 வோல்ட், 1.2 வோல்ட்;
சுழற்சி 180;
மறுமுனை: பெறுவாய்;
தரவுத் தடங்கள் 1, 2;
இணைப்பு அதிர்வெண் 45,60,00,000;
நிலை "சரி".

உரை எழுதப் புகுகிறவர் முதலில் நூல்வரலாறு சொல்வது மரபு. லினக்ஸ் இயங்கும் சிறு கணினிப் பலகை ஒன்றில் கேமராவைப் பொருத்தும்போது, அது எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதோடு சேர்கிறது என்று லினக்ஸின் மையநிரலான கெர்னலுக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பு இது. இத்தகைய குறிப்புகளைத் தாங்கிய கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். உண்மையான கோப்பில் அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும் மண்டிக் கிடக்கும். அவற்றைக் களைந்து, சில வரிகளை விட்டு, மீதியை வரிக்கு வரி தமிழாக்கி மேலே வைத்திருக்கிறேன். உரைகாரருக்கு எதிரே இருக்கும் பாடத்தை 'மூலம்' என்கிறோம். மென்பொருளாளர்கள் 'திறமூலம்' என்று சொல்லும்போதும் அதே சொல்தான் வருகிறது. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. மூலத்தைப் பூட்டி வைத்த கேமராவுக்கு யாரும் உரை எழுத முடியாது. அது பழுதுபட்டால் சரிசெய்யவும் முடியாது.

இதை எழுதும் இடம் திருவனந்தபுரம் வலியசாலை. பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த ச. வையாபுரிப் பிள்ளை முதலில் வழக்கறிஞராகவும் பின்னாளில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்த ஊர் இது. 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டதும் இங்கேதான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பூஜப்புரையிலிருந்து இயங்கும், பள்ளிக் கணினிக் கல்விக்கான மாநில அரசு நிறுவனமான 'கைட்' 2018இல் தொடங்கிய திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொடுத்தது. அத்தகைய வகுப்பறையில் ஒரு பிள்ளை யூஎஸ்பி வெப்கேமைச் செருகினால் உடனே படம் வருகிறதே, அதற்கு ஒரு காரணம் உண்டு. யூஎஸ்பி கேமராக்கள் எல்லாம் பேச வேண்டிய மொழியை ஒரு பொதுத் தரமாக எழுதி வெளியிட்டிருந்தார்கள். அந்த மொழி தெரிந்த டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, லொரான் பின்ஷார் என்பவர் எழுத, 2008இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. ஒரே டிரைவர், ஆயிரக்கணக்கான கேமராக்கள். நம் மூலத்தில் இருப்பது யூஎஸ்பி கேமரா இல்லை. கைப்பேசியிலும் சிறு பலகைகளிலும் இருப்பதுபோல், உறை உரித்த வெறும் சென்சார். அதன் கதை நீளமானது.

'கேமரா, முகவரி 10.' பதினறும எண்முறையில் 10. நாம் எண்ணும் கணக்கில் 16. சென்சாரோடு கணினி பேசுவதற்கு ஐ2சி என்ற இரண்டு கம்பிகள் போதும். ஒன்று தாளம் போடும், மற்றது செய்தி கொண்டுபோகும். அதே இரண்டு கம்பியில் வேறு பல சில்லுகளும் தொங்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரே தெருவில் கதவிலக்கம் போட்டுக்கொண்டு குடியிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'பொருந்துவது' என்பது பெயர்ச்சீட்டு. செய்தவர் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்து வரும். கெர்னல் தன்னிடம் உள்ள டிரைவர்களில் இந்தப் பெயரைச் சொந்தம் கொண்டாடுவது எது என்று தேடி, அதை எழுப்பும். எழுந்த டிரைவர் சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுவதில்லை. மின்சாரம் கொடுத்துவிட்டு, சென்சாரின் முதல் ரெஜிஸ்டரை வாசிக்கும். அங்கே 0219 என்று இருந்தால்தான் மேற்கொண்டு வேலை. ரிப்பன் கேபிளைத் திருப்பிச் செருகியிருந்தால் இந்த இடத்திலேயே நின்றுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வரியில்தான், மென்பொருள் மேல் எந்தக் குற்றமும் இல்லாமல்.

இந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஐஎம்எக்ஸ்219 எட்டு மெகாபிக்சல் சென்சார். 2016இல் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கான கேமராவின் இரண்டாம் பதிப்பில் வந்தது. உலகம் முழுக்க மாணவர்கள் வாங்கினார்கள், இந்த ஊர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது 2020இல். இடைப்பட்ட நான்கு ஆண்டும் கேமரா வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சென்சாரை இயக்கியது பலகையின் கிராஃபிக்ஸ் சில்லுக்குள் இருந்த மூடிய ஃபர்ம்வேர். படம் வேண்டும் என்று கேட்டால் படம் வரும். வெளிச்சத்தை எப்படி அளந்தது, நிறத்தை எப்படித் தீர்மானித்தது, வேறொரு சென்சாரை ஏன் ஏற்க மறுக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. 2021 நவம்பரில் வந்த இயங்குதளப் பதிப்போடு ராஸ்பெரி பை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, லிப்கேமரா என்ற திறமூல நூலகத்துக்கு மாறியது. பழைய கட்டளைகள் ஓடாமல்போன வருத்தம் அப்போது பலருக்கு இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் இந்தச் சென்சாருக்கு உரை எழுதக்கூடிய நிலை வந்தது அந்த மாற்றங்களால்தான்.

கடிகார வரியையும் மின்வழி வரியையும் விரைவாகக் கடந்துவிடலாம். சென்சாருக்கு வெளியிலிருந்து 24 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும். அந்த எண் இந்த வரியில் இல்லாததைக் கவனியுங்கள். கடிகாரத்துக்குக் கோப்பில் தனியிடம் உண்டு, இந்த வரி அங்கே கைகாட்டுகிறது. மின்வழியும் அப்படியே; மூலத்தில் இருப்பவை மின்வழிகளின் பெயர்களே, வோல்ட் அளவு வேறிடத்தில் இருக்கும். வாசிப்பவர் வசதிக்காக எண்களை நான் கொண்டுவந்து சேர்த்தேன். ஒளியை அளக்கும் அனலாக் பகுதிக்கு 2.8, வெளியுலகோடு பேசும் கால்களுக்கு 1.8, உட்கருவுக்கு 1.2.

இனி 'சுழற்சி 180'. மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கு உரையே வேண்டாம்; சென்சாரைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள், படத்தைத் திருப்பிக்கொள், அவ்வளவே பொருள். எனக்கோ இந்த மூலத்தில் நின்று பார்க்க வேண்டிய வரி இதுதான்.

சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒளி எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் ஒவ்வொரு பிக்சலும் எண்ணும். நிறம் அறிவதற்காகப் பிக்சல்களின் மேல் பொடிப்பொடியாக வண்ண வடிகட்டிகளைப் பதித்திருப்பார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் கண்டுபிடித்து 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. முதல் வரிசையில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அடுத்த வரிசையில் பச்சை, நீலம், பச்சை, நீலம். நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, மற்றவை ஒவ்வொன்று. மனிதக் கண் பச்சையில்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதால் இந்தக் கணக்கு. இப்படி வாங்கிய எண்களை வைத்து, சிவப்புப் பிக்சலில் பச்சையும் நீலமும் எவ்வளவு இருந்திருக்கும் என்று பக்கத்து வீடுகளைப் பார்த்துக் கணிப்பது மென்பொருளின் வேலை.

சென்சாரை மேலும் கீழும் இடமும் வலமும் புரட்டி வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும்? முன்பு இடப்பக்க மேல்மூலையில் இருந்தது சிவப்பு. இப்போது அங்கே வருவது நீலம். வடிகட்டிகளை யாரும் தொடவில்லை. வாசிக்கும் திசை மாறியதால் வரிசை மாறிவிட்டது. இதைச் சென்சார் தானே சொல்லாது. டிரைவர்தான், 'நான் புரட்டியிருக்கிறேன், இனி வரும் வரிசை நீலத்தில் தொடங்கும்' என்று அடுத்த அடுக்குக்கு அறிவிக்க வேண்டும். ஐஎம்எக்ஸ்219 டிரைவரில் இதற்காக நான்கு வரிசைகள் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன: புரட்டாதது, கிடையாகப் புரட்டியது, நெடுக்காகப் புரட்டியது, இரண்டும் புரட்டியது. அறிவிக்க மறந்தால் சிவப்பும் நீலமும் இடம்மாறும்.

ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் தொங்கிய நேந்திரங்குலையை நானே எழுதிய சிறு நிரலால் படமெடுத்தேன். மஞ்சள் குலை வெளிர்நீலமாக வந்தது. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது; சிவப்பின் இடத்தில் நீலம் போய் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும். லென்ஸைச் சந்தேகித்தேன், வெளிச்சத்தைச் சந்தேகித்தேன். பிழை என் நிரலில் வரிசையை நிலையாக எழுதிவைத்த ஒற்றை வரியில் இருந்தது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது திறந்து கிடந்த டிரைவரின் மூலம். அந்த நான்கு வரிசைகளையும் அதை எழுதியவர்கள் விளக்கக் குறிப்போடு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிவைத்த உரையைப் படிப்பதுபோல் படித்தேன்.

பாடபேதம் பார்ப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். ஏடு ஒன்றே, எங்கிருந்து வாசிக்கத் தொடங்குகிறோம் என்பதில் தவறினால் பொருள் தலைகீழாகும்.

அடுத்து 'மறுமுனை', 'தரவுத் தடங்கள்', 'இணைப்பு அதிர்வெண்' மூன்றையும் ஒன்றாகக் கொள்க. முதலில் சொன்ன இரண்டு கம்பிகள் பேச்சுக்கு. படம் போவதற்கு அவை போதா. அதற்குச் சிஎஸ்ஐ என்ற தனிப் பாதை. மறுமுனை என்பது அந்தப் பாதை முடியும் இடம், பலகைச் சில்லிலுள்ள பெறுவாய். அந்தப் பெறுவாயின் குறிப்பிலும் இதேபோல ஒரு மறுமுனை வரி இருக்கும்; அது சென்சாரைக் காட்டும். ஒன்றை ஒன்று காட்டினால்தான் கெர்னல் இணைப்பை ஏற்கும். இப்படி உறுப்பு உறுப்பாகப் பிரித்து, இன்னது இன்னதோடு சேர்கிறது என்று வரைபடம்போல் வைத்துக்கொள்ளும் முறை லினக்ஸுக்கு வந்தது நோக்கியாவின் லினக்ஸ் கைப்பேசிகளுக்காக நடந்த உழைப்பிலிருந்து; 2011இல் கெர்னலில் சேர்ந்தது. அந்தக் கைப்பேசிகள் கடையை விட்டுப் போய்விட்டன, முறை இன்னும் நிற்கிறது.

தடங்கள் ஏன் இரண்டு? சென்சாரில் நான்கு உண்டு. ராஸ்பெரி பை கேமராவின் 15 கால் ரிப்பனில் இரண்டுக்குத்தான் கம்பி வந்திருக்கிறது. ஆக, இந்த வரி சென்சாரின் திறனைச் சொல்லவில்லை, இந்தப் பலகையில் இழுத்த கம்பியைச் சொல்கிறது. டிவைஸ் ட்ரீயின் நோக்கமே அதுதான். சென்சாருக்கு இயல்பானவை டிரைவருக்குள் இருக்கும். பலகைக்குப் பலகை மாறுபவை இங்கே வரும்.

அதிர்வெண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 45.6 கோடித் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலுமாக இரண்டு பிட், ஆகவே தடத்துக்கு 91.2 கோடி. இரண்டு தடத்துக்கு 182.4 கோடி. ஒரு பிக்சலுக்குப் பத்து பிட் என்பதால் வினாடிக்கு 18.24 கோடிப் பிக்சல். முழுப் படம் 3280க்கு 2464, அதாவது 80,81,920 பிக்சல். வகுத்தால் இருபத்திரண்டரைப் படம் வருகிறது. கையில் கிடைப்பதோ சுமார் 21. மீதி எங்கே? ஒவ்வொரு வரிசையும் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சென்சார் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறது. வரிசைக்கு 3280 பிக்சல் என்றாலும் 3448 பிக்சலுக்கான நேரம் எடுத்துக்கொள்கிறது. படத்துக்கும் படத்துக்கும் நடுவிலும் கொஞ்சம் நேரம் போகிறது. ஒன்பது வரிக் குறிப்பையும் டிரைவரில் திறந்து கிடக்கும் சில எண்களையும் வைத்து இவ்வளவையும் தாளில் கணக்கிட்டு, இந்தக் கேமரா முழு அளவில் வினாடிக்கு 30 படம் தராது என்று வாங்கும் முன்பே சொல்லிவிட முடியும். திறந்த விவரம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி மூலத்தில் சொல்லாமல் விட்டது. இந்த ஒன்பது வரியும் சரியாக அமைந்து முதல் படம் வந்தால், பார்ப்பவருக்கு மனம் விட்டுப்போகும். இருண்டு, பச்சை பாய்ந்து, ஓரங்கள் மங்கி இருக்கும். சென்சார் தருவது சமைக்காத அரிசி. இருட்டிலும் அது பூச்சியம் சொல்லாது; பத்து பிட் அளவில் 64 என்று சொல்லும், அதைக் கழிக்க வேண்டும். லென்ஸின் ஓரத்தில் குறைந்த ஒளியை ஈடுகட்ட வேண்டும். குழல்விளக்கா, வெயிலா, மழைமேகமா என்று கணித்து வெள்ளையை வெள்ளையாக்க வேண்டும். கைப்பேசிகளில் இந்தச் சமையல் பெரும்பாலும் நிறுவனங்களின் ரகசியம். 2018 இறுதியில் லொரான் பின்ஷாரும் கூட்டாளிகளும் லிப்கேமராவை அறிவித்தது இந்த இடத்தை நிரப்பத்தான்.

அதன் அமைப்பில் நான் மதிக்கும் ஓர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். நிறக் கணிப்பு, ஒளிக் கணிப்பு எல்லாம் தனி மாட்யூலாக இருக்கும். மூலத்தைத் திறந்து கொடுத்தால் அது நூலகத்தோடு சேர்ந்து ஓடும். மூடிய மாட்யூல்தான் தருவேன் என்று ஒரு நிறுவனம் சொன்னால் லிப்கேமரா அதை விரட்டாது. தனியான புராசஸில், வேலியிட்டு ஓடவைக்கும். நம்மூர்த் திண்ணை இதற்குத்தான் இருந்தது. வந்தவருக்கு இடம் உண்டு, அடுக்களை வரைக்கும் அனுமதி இல்லை.

ஒவ்வொரு சென்சாருக்கும் லென்ஸுக்கும் ஒரு சரிக்கட்டுக் கோப்பு வேண்டும். 24 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையைப் பல விளக்குகளின் கீழே படமெடுத்து, அளந்து, எழுதுவது. ஐஎம்எக்ஸ்219க்கான கோப்பு திறந்தே இருக்கிறது. உரைப்பதிப்பான் இருந்தால் போதும், யாரும் திருத்தலாம். மழைக்கால மாலையில் இந்த ஊரில் மேகத்தின் வழியே வரும் வெளிச்சம் வேறு, ஆய்வறை விளக்கு வேறு. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் உட்கார்ந்து செய்யத் தகுந்த வேலை இது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

மூலம் எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய மடிக்கணினியில் கேமரா யூஎஸ்பி வகையாக இருக்கவில்லை. இண்டெல் செயலியோடு நேரே இணைந்த வெறும் சென்சார். லினக்ஸ் போட்டேன், திரை கறுப்பு. செய்த நிறுவனத்தைக் கேட்டேன். ஆதரவு இல்லை என்று ஒரு வரிப் பதில். சென்சார் இருந்தது, கம்பி இருந்தது. எந்தக் கம்பி எதை எழுப்பும் என்ற விவரம் மட்டும் வெளியே வரவில்லை. உலகெங்கும் பலர் தங்கள் கணினிகளை ஆராய்ந்து அந்த விவரங்களைத் துண்டு துண்டாகத் தேடி எடுத்தார்கள். 2024இல் கெர்னலின் 6.10 பதிப்பில் பெறுவாய்க்கான டிரைவர் சேர்ந்தது. படம் சமைக்கும் வன்பொருள் பகுதியின் விவரம் அப்போதும் கிடைக்காததால், அதே வேலையைச் செயலியிலேயே செய்யும் மென்பொருளை லிப்கேமராவில் எழுதிச் சேர்த்தார்கள். ஒரு நாள் வழக்கமான அப்டேட் முடிந்ததும் திரையில் என் முகம் வந்தது. அந்த வேலையைச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. நன்றி என்ற சொல் அவர்களுக்குப் போதாது.

இதனால்தான் நம் ஊரில் கேமரா செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய வெப்பப்படக் கேமராவும் ஐவிஸ் என்ற தொழிற்சாலைக் கேமராவும் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டன. வேகா என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலிகளும் அங்கே வடிவமைத்தவையே. காரியவட்டத்தில் கட்டற்ற மென்பொருளுக்கென்றே மாநில அரசின் ஐசிஃபாஸ் இருக்கிறது. மக்கள் பணத்தில் செய்யும் ஒவ்வொரு கேமராவோடும் இந்த ஒன்பது வரியும், டிரைவரும், சரிக்கட்டுக் கோப்பும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். கெர்னலின் பொதுக் கிளையிலேயே சேர்க்கப்பட வேண்டும். தனியார் கேமரா மாட்யூல் நிறுவனங்கள் சென்னையில் உண்டு. அவர்களுக்கும் இதே விண்ணப்பம். பொதுக் கிளையில் சேர்ப்பது கடினம் என்று பொறியாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடினந்தான். டிரைவருக்கு முன்னால் ஆவணத்தைக் கேட்பார்கள், பெயர் வைத்தது சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், ஒரே திருத்தம் ஐந்தாறு முறை போய்வரும். ஆனால் ஒருமுறை சேர்ந்துவிட்டால், கெர்னலின் உட்புறம் மாறும்போதெல்லாம் அந்த டிரைவரையும் சேர்த்தே திருத்திக்கொண்டு போவார்கள்.

கடைசி வரி, 'நிலை "சரி"'. பலகைகள் பலவற்றுக்கும் பொதுவான கோப்பில் இந்த இடத்தில் 'முடக்கம்' என்று எழுதியிருக்கும். பெறுவாய் அந்த வகைச் சில்லு எல்லாவற்றிலும் உண்டு, கேமராவோ பொருத்திய பலகையில்தான் உண்டு. பொருத்தியவர் தம் கோப்பில் 'சரி' என்று மாற்றி எழுதுவார். முந்தைய எட்டு வரியில் பெரும்பாலானவை தவறாக இருந்தாலும் இது தவறாக இருந்தாலும் பலன் ஒன்றே, கறுப்புத் திரை. பிழை தேடுகிறவர்கள் கடைசியிலிருந்து தேடுவது நல்லது.

நேற்று மாலை அதை மாற்றி எழுதிவிட்டுப் பலகையை மறுபடி இயக்கினேன். சென்சாரைத் தெருப்பக்கத்துச் சன்னல் கம்பியில் கட்டியிருந்தேன். மழை விட்டிருந்தது. முதல் படம் இருட்டு. இரண்டாவதில் பச்சைப் புகைபோல ஒரு கூரை. ஒளிக் கணிப்பும் நிறக் கணிப்பும் ஒவ்வொரு படமாகப் பார்த்து அளவைத் திருத்திக்கொண்டே வந்தன. பத்தாவது படத்துக்குள் எதிர்வீட்டு நனைந்த ஓடு, ஓட்டின் நிறத்துக்கே வந்து நின்றது.